தொப்பையும் தனிப் பயிற்சியும்: ஒரு திருத்தம்

கல்லடி ஜிம்மில் தனிப் பயிற்றுநரை அமர்த்தினால், அவர் தரும் வயிற்றுப் பயிற்சிகளால் தொப்பை மட்டும் கரையும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியல்ல. தசை எரிக்கும் கொழுப்பு அதன் மேல் படிந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்கப்படுவதில்லை. உடல் முழுவதிலுமிருந்து இரத்தத்தின் வழியே வருகிறது. 1971இல் வெளியான ஆய்வொன்றில், டென்னிஸ் வீரர்களின் விளையாடும் கையில் தசை பெருத்திருந்தபோதும், தோலுக்கடியிலுள்ள கொழுப்பின் தடிப்பு இரு கைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே காணப்பட்டது. பாரம் தூக்கும்போது முதுகு வளைவதைத் திருத்தப் பயிற்றுநர் நிச்சயம் உதவுவார்; அதற்காகத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். ஐயமிருப்பவர்கள், வழமையான சாப்பாட்டை மாற்றாமல் வயிற்றுப் பயிற்சியை மட்டும் 6 வாரம் செய்து, தையற்காரரின் அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, வாரம் ஒருமுறை காலையில் சாப்பிடுமுன் அளந்து கொப்பியில் குறித்துப் பாருங்கள்.