எல்லா மெலிவுக்கும் பூச்சி காரணமில்லை

"ஜெர்மன் ஷெப்பர்ட் எவ்வளவு தின்றும் மெலிகிறதென்றால் பூச்சிதான், மாதாமாதம் மருந்து கொடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூச்சியும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இந்த இனத்தில் கணையத்தில் செரிமான நொதி சுரக்கும் பகுதி சுருங்கிப்போவது தெரிந்த நோய். தின்றது செரிக்காமல் வெளியேறும்: வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, குவியலாக மலம். பசி தாங்காமல் சில நாய்கள் அதையே தின்னும். பார்க்க மனசு கேட்காது.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து டி.எல்.ஐ. பரிசோதனை (கணைய நொதி ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது) செய்யுங்கள். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இந்தக் கணைய நோய்தான். அப்புறம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கணைய நொதித் தூள் கலக்க வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. வைட்டமின் பி12 குறைந்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சரியாகக் கொடுத்தால் பெரும்பாலானவை தேறிவிடும். பூச்சி மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்து மாதங்களைக் கடத்திவிடாதீர்கள்.