அடி விழுந்ததா என்று அடித்தவரே சொல்லக் கூடாது

ஆளுக்கொரு கேரக்டராக நடித்துக் கதை நடத்தும் ரோல்பிளே கேம் சர்வர்களில் ஒரு சண்டை சச்சரவில் முடிந்தால் போதும், ‘பவர்கேமிங்’ (எதிராளிக்கு வாய்ப்பே தராமல் முடிவைத் தானே எழுதுவது), ‘மெட்டாகேமிங்’ (கேரக்டருக்குத் தெரியாததை வைத்து ஆடுவது) என்று ஆளாளுக்குப் பட்டம் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அட்மினும் யாரையாவது மூன்று நாள் பேன் செய்து புகார் டிக்கெட்டை மூடிவிடுவார். என்னைக் கேட்டால், இதில் பாதிக்கு மேல் விதியை எழுதியவர் தலையில்தான் விடிய வேண்டும். ‘நியாயமாகச் சண்டை போடவும்’ என்று எழுதிவைத்தால் யாருக்குப் புரியும்?

எழுத்து வழி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ‘வாளை வீசி அவன் கையைத் துண்டித்தான்’ என்று ஒருவர் எமோட் (கேரக்டர் செய்வதைச் சொல்லும் வரி) போடுகிறார். எதிராளியின் உடம்புக்கு என்ன ஆனது என்பதையும் இவரே எழுதிவிட்டார். ‘வலது தோளைக் குறிவைத்து வாளை வீசுகிறான்’ என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வெட்டு விழுந்ததா, எவ்வளவு ஆழம் என்பதை அடி வாங்குபவர்தான் எழுதணும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் ‘நூலிழையில் தப்பினான்’ என்றே எழுதிக்கொண்டிருந்தால் அதுவும் அதே பவர்கேமிங் குற்றம்தான். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எமோட்டிலும் தப்பிருக்காது. சண்டையின் முழு லாகையும் (பதிவையும்) மேலிருந்து கீழே படித்தால்தான் பிடிபடும். புகாரோடு வரும் ஒற்றை ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் அட்மின்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சரி, டைஸ் போட்டால் தீர்ந்துவிடுமா? கணக்குத் தெரிந்தால் தீரும். இருவரும் ஆளுக்கொரு 20 பக்க டைஸ் உருட்டி, ஒருவருக்கு மட்டும் 5 கூடுதல் என்றால், அவர் ஜெயிக்கும் வாய்ப்பு 70%. கூடுதலை 10 ஆக்கினால் 86% தாண்டிவிடும். அதற்குப் பிறகு உருட்டுவதே சம்பிரதாயம். அதே +5 விதியை அப்படியே 1 முதல் 100 வரை உருட்டும் முறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வாய்ப்பு 54% ஆகச் சரிந்துவிடும். பல மாதம் வளர்த்த கேரக்டருக்கு மதிப்பே இல்லை என்று ஆட்கள் கொதிப்பது இதனால்தான். சமமாக விழுந்தால் யாருக்கு வெற்றி என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். தற்காப்புக்காரருக்கே கொடுப்பது என் விருப்பம்.

ஜிடிஏ ஆர்பியில் (ஜிடிஏ கேமில் நடக்கும் ரோல்பிளே) சுட்டால் படுமா என்பதை கேமே முடிவு செய்துவிடும். அங்கே தகராறு, சுடக் காரணம் இருந்ததா என்பதில். எனவே ஆர்டிஎம் (காரணமில்லாமல் கொல்வது) புகாருக்குத் தரும் கிளிப் துப்பாக்கி வெடிக்கும் நொடியில் ஆரம்பித்தால் பைசா பிரயோஜனமில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நிமிடம், குரலோடு வேண்டும். ‘துப்பாக்கி நீட்டினால் பயப்பட வேண்டும்’ என்ற விதியும் அரைகுறைதான். ஓடிக்கொண்டிருக்கும் காருக்குள் இருப்பவருக்கும் பொருந்துமா? அவர் கையிலும் துப்பாக்கி இருந்தால்? இரண்டுக்கும் பதில் எழுதாத சர்வரில் ஒவ்வொரு வழிப்பறியும் டிக்கெட்டாகத்தான் போய் நிற்கும்.

இந்தத் தலைவலி பழசு. அல்டிமா ஆன்லைன் என்ற ஆன்லைன் கேம் 2000-இல் உலகத்தையே ஃபெலுக்கா, ட்ராமெல் என்று இரண்டாகப் பிரித்தது. முன்னதில் கொலை செய்யலாம், பின்னதில் சம்மதமில்லாமல் கை வைக்க முடியாது. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேம் வேறு வழி பிடித்தது. பாதுகாப்பான பகுதியிலும் தாக்கலாம், ஆனால் கான்கார்ட் என்ற கேமின் போலீஸ் படை வந்து உங்கள் கப்பலை நொறுக்கிவிடும். அந்தத் தண்டனையிலிருந்து நழுவத் தந்திரம் செய்தால்தான் அது விதிமீறல். குற்றத்துக்கு விலை வைத்துவிட்டு, விலை கொடுக்காமல் ஓடுபவரை மட்டும் பிடிப்பது. இவ்வளவு தெளிவான கோடு மற்ற கேம்களில் அபூர்வம்.

நடத்தை விஷயத்தில் ஒன்றே ஒன்று. கேரக்டர் திட்டுவது கதைக்குள் நடப்பது. கேமுக்கு வெளியே டிஸ்கார்ட் சாட்டில் வந்து ஆளைத் திட்டினால் அது தொல்லை. இரண்டுக்கும் ஒரே தண்டனைப் பட்டியல் வைக்காதீர்கள். சண்டையில் அட்மினுடைய கேரக்டரோ அவர் கேங்கோ இருந்தால், அந்த டிக்கெட்டை அவர் தொடவே கூடாது. வேறு அட்மின் இல்லையென்றால் வரும்வரை கிடக்கட்டும்.