தோல் ஜாக்கெட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள்

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "நனைந்த தோல் ஜாக்கெட்டை நல்ல வெயிலில் காயவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பிராண்ட் ஜாக்கெட் என்றால் ஆயுசுக்கும் உழைக்கும்." இது தவறு.

ஈரத் தோலைச் சுடுவெயிலில் போட்டால் அதன் நார்கள் சுருங்கி விறைத்துவிடும். முழங்கை மடிப்பில் முதலில் மெல்லிய கோடுகள் விழும், அப்புறம் அதே இடம் வெடிக்கும். விழுந்தால் தார் வீதியில் உரசுகிற இடமும் அதுதானே! தேங்காய் எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், நாளானால் சிக்கு வாடையும் அடிக்கும். எந்த பிராண்டானாலும் தோல் தோல்தான்.

சரி, மார்கழி மழையில் நனைந்து வந்தால் என்ன செய்வது? கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஓடியிருந்தால் உப்பும் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அகலமான ஹேங்கரில் நிழலில், மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, தோலுக்கென்றே விற்கும் கண்டிஷனரை மெல்லிசாகப் பூசினால் போதும்.

வாங்கும்போதும் பெயரை மட்டும் நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தரத்தில் ஏஏஏ என்பதுதான் அதிகப் பாதுகாப்பு. ஏஏ, ஏ என்று வரவரக் குறையும்.