லிங்கனின் தோல்விப் பட்டியலும் விட்டுப்போன பதினைந்து வருஷமும்

தேர்தலுக்குத் தேர்தல் தோற்றார், கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆபிரகாம் லிங்கனின் தோல்விப் பட்டியலைத் தயவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்பாதீர்கள். 1832இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார் என்பது உண்மை. போட்டியிட்ட 13 பேரில் எட்டாம் இடம். பிளாக் ஹாக் என்ற பழங்குடித் தலைவருக்கு எதிரான போருக்குப் போய்த் திரும்பியவருக்குப் பிரசாரம் செய்ய நாளே இல்லை. அப்படியும் அவரைத் தெரிந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் 300 ஓட்டில் 277 அவருக்குத்தான். பிறகு 1834, 1836, 1838, 1840 என்று தொடர்ந்து நான்கு முறை இல்லினாய் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார். தோற்றுத் தோற்றுத் திடீரென ஜனாதிபதி ஆனவரல்ல, தொழில் கற்ற அரசியல்வாதி அவர்.

கற்ற விதமும் அவ்வளவு அழகானதல்ல. லிங்கனின் சங்கமன் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) போன ஒன்பது உறுப்பினர்களும் நல்ல உயரம். 'நெட்டை ஒன்பது பேர்' என்றே பெயர். மாநிலத் தலைநகரை வண்டாலியாவிலிருந்து தங்கள் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுவருவதுதான் அவர்கள் குறி. 1837 பிப்ரவரி 27இல் ரயில் பாதை, ஆறு, சாலை என்று சுமார் ஒரு கோடி டாலர் திட்டம் நிறைவேறியது. மறுநாளே தலைநகர் ஓட்டெடுப்பில் ஸ்பிரிங்ஃபீல்ட் வென்றது. திட்டத்துக்கு ஓட்டுப் போட்டுத் தலைநகருக்கு ஓட்டு வாங்கும் பேரம் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறுதான். திட்டம் கவிழ்ந்த காரணத்தில் தகராறு இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பங்கு வேண்டும் என்பதால் எல்லா வேலையையும் ஒரே சமயத்தில் தொடங்கினார்கள். எதுவும் முடியாததால் வருமானம் வரவில்லை, வட்டி மட்டும் ஏறியது. அதே 1837இல் நாடு முழுக்கப் பண நெருக்கடி வேறு. 1840 கணக்கெடுப்பில் ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. கடன் கழுத்தை நெரித்த பிறகும் லிங்கன் அந்தத் திட்டத்தை விடாப்பிடியாகத் தாங்கிப் பேசினார். அவருடைய பெரிய அரசியல் தவறு அது என்பேன்.

அதே கூட்டத்தொடரில், அடிமைமுறை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து வந்த தீர்மானத்தை எதிர்த்தவர்கள் ஆறே பேர். லிங்கன் அதில் ஒருவர். அடிமைமுறை அநீதியும் தவறான கொள்கையும் ஆகும் என்று சக உறுப்பினர் டான் ஸ்டோனுடன் சேர்ந்து எழுத்தில் பதிந்தது மார்ச் 3ஆம் தேதி, தலைநகர் ஓட்டு கைக்கு வந்த பிறகு. ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் கூட்டவே செய்யும் என்ற வரியும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வக்கீல் தொழிலுக்கு அன்று சட்டக் கல்லூரிப் பட்டம் தேவைப்படவில்லை. வக்கீல் ஜான் ஸ்டூவர்ட்டிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தார். 1836 மார்ச்சில் நன்னடத்தைச் சான்று, செப்டம்பரில் உரிமம், 1837 மார்ச் 1இல் வக்கீல் பட்டியலில் பெயர். முதல் கூட்டாளியும் ஸ்டூவர்ட்தான். வந்த வழக்குகளில் பெரும்பாலானவை கடன் வழக்கு. எல்லைப்புறத்தில் காசுக்குப் பஞ்சம், பிறகு பணம் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் புரோநோட்டில்தான் வியாபாரம். பிராதை எந்த வகையில் போடுவது என்பதில் பிசகினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்தே வழக்கைக் கவிழ்த்துவிடும்.

1841இல் பெய்லி–குரோம்வெல் வழக்கு அப்படிப்பட்ட புரோநோட்டு வழக்குதான். நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கான நோட்டு அது. வாங்கியவராக நோட்டு எழுதிக்கொடுத்த பெய்லிக்காக லிங்கன் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இல்லினாயில் எந்த மனிதரும் சுதந்திரமானவர் என்றே சட்டம் கொள்ளும், சுதந்திரமான ஆளை விற்க முடியாது, ஆகவே நோட்டு செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

ஆறே வருஷத்தில், 1847 அக்டோபரில், கோல்ஸ் கவுண்டியில் ராபர்ட் மேட்சன் என்ற அடிமை உரிமையாளருக்காக அதே லிங்கன் நின்றார். மேட்சனின் அடிமைகளான ஜேன் பிரையன்ட்டும் அவர் பிள்ளைகளும் அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து தற்காலிகமாகப் பண்ணை வேலைக்கு வந்தவர்கள்தான், இல்லினாயில் குடியேறியவர்கள் அல்ல, ஆகவே விடுதலை கிடையாது என்பது மேட்சன் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, அவர்கள் விடுதலையானார்கள். வக்கீல் என்றால் யார் வந்தாலும் வாதாட வேண்டியதுதானே என்று பலர் இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. லிங்கன் அப்போது பசிக்குக் கேஸ் தேடிய இளம் வக்கீல் அல்ல. அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியேற்க வாஷிங்டனுக்குப் புறப்படும் நிலையில் இருந்தவர்.