ஏ.எல்.டி கூடினால் உடனே ஈரல் பழுதா?

ஈரல் நொதிப் பரிசோதனைகளை எளிமையாக விளக்கிய உங்கள் பதிவுக்கு நன்றி. ஆனால் அதில் வரும் "ஏ.எல்.டி, ஏ.எஸ்.டி கூடினால் ஈரல் செயலிழக்கிறது" என்ற வரியைத் திருத்த வேண்டும். ஈரல் கலங்கள் காயப்படும்போது இரத்தத்தில் கசியும் நொதிகள் இவை. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிரூபின் (ஈரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி), ஐ.என்.ஆர் (இரத்தம் உறைவதை அளக்கும் பரிசோதனை) மூன்றும்தான் சொல்லும். ஈரல் தழும்பாகி இறுகிப்போகும் சிரோசிஸ் முற்றினால் கூட நொதிகள் சாதாரணமாக இருக்கலாம்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை தூக்கும் என் மைத்துனருக்கு ஏ.எஸ்.டி கூடியிருந்தது. குடிக்கவே குடிக்காத மனிதர், ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் ஒரே சண்டை. தசையிலும் ஏ.எஸ்.டி இருக்கிறது. டொக்டர் சி.கே (தசை நொதிப் பரிசோதனை) எடுக்கச் சொன்ன பிறகுதான், மூட்டை தூக்கிய தசைதான் காரணம் என்று விளங்கியது.

எங்கள் பக்கத்துக்கு இன்னும் முக்கியமானது, எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல். அது கடுமையானால் கண் மஞ்சளாகி பிலிரூபின் எக்கச்சக்கமாக ஏறும், நொதிகளோ பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. திடீரென வரும் வைரஸ் ஹெப்படைடிஸ் (வைரஸால் வரும் ஈரல் அழற்சி) என்றால் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் போகும். இந்த வித்தியாசம் டொக்டருக்குப் பெரிய துப்பு. அதனால் வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கண் மஞ்சளானால், செங்கமாரிதானே என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், வயல் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படும் நோய் அது.

அப்புறம், வளரும் பிள்ளைகளுக்கு ஏ.எல்.பி (ஈரலிலும் எலும்பிலும் உள்ள இன்னொரு நொதி) கூடுதலாக இருப்பது பொதுவாக எலும்பு வளர்ச்சியால். அதற்குப் பயப்பட வேண்டாம்.