கிளினிக் வரிசை வன்னியின் கணக்கு ஆகாது
நீரிழிவுக் கிளினிக் ஒன்றுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பருமனாக இருந்ததை வைத்து, இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் பாதிப்பேருக்கு உடற்பருமன் என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. உடற்பருமன் நீரிழிவுக்கே ஒரு காரணம் என்பதால் அந்த வரிசையில் பருமனானவர்கள் கூடுதலாகவே இருப்பார்கள். விடிய முன்னர் வயலுக்கோ கடலுக்கோ போய்விடுபவர்கள் அதில் அதிகம் அகப்படமாட்டார்கள். கிராம அலுவலர் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, வீடு வீடாகச் சென்று, நிறையையும் உயரத்தையும் கேட்டு எழுதாமல் அளந்தே பதிந்தால்தான் மதிப்பீட்டை நம்பலாம். எல்லைக்கோடும் முக்கியம்: 160 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ள ஒருவரின் உடற்திணிவுச் சுட்டி (கிலோவிலான நிறையை மீற்றரிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது, BMI) 23.4, ஆசியருக்கென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் நோய் ஆபத்து கூடத் தொடங்கும் எல்லையாக 2004இல் குறித்த 23ஐ அவர் தாண்டியிருந்தாலும், உடற்பருமனுக்குரிய 30ஐ எட்ட ஏறத்தாழ 77 கிலோ வேண்டும். அவரைப் போன்றவர்களையும் பருமனானவர்களோடு சேர்த்தா எண்ணினீர்கள் என்பதைத் தயவுசெய்து தெளிவுபடுத்துங்கள்.