கவுன்சிலிங் என்றால் சீட்டு மட்டும்தானா?

சனிக்கிழமை நடந்ததை அன்றைக்கே எழுதிவிட்டேன், மறுபடி முழுக்கதை வேண்டாம். மகள் பள்ளியில் 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன' கூட்டம். பேச வந்தவர் ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் ஆள். சைக்காலஜி பற்றிக் கேட்ட என் மகளுக்குக் கிடைத்த பதில், 'அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பொழுதுபோக்கா படிக்கலாம்மா'. அரங்கமே சிரித்தது. இன்று எழுதுவது, அந்தப் பதிவின் கீழே எனக்கு வந்து குவிந்த அறிவுரைகளுக்காக.

நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் காலேஜ் சீட்டு. ரேங்க் லிஸ்ட், சாய்ஸ் ஃபில்லிங், அலாட்மெண்ட், முடிந்தது. ஒரு பிள்ளையை உட்கார வைத்து 'உனக்கு எது வரும், எது பிடிக்கும், வீட்டில் என்ன நிலைமை' என்று கேட்பதற்கும் அதே பெயர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. நான் கேட்பது அதைத்தான். பள்ளிக்குள்ளேயே, எதையும் விற்காத ஓர் ஆள்.

'அரசுப் பள்ளிகளில் நான் முதல்வன் திட்டம் இருக்கிறதே' என்கிறார்கள். தமிழக அரசின் வழிகாட்டுத் திட்டம். 2022இல் வந்தது, அதில் என்ன படிக்கலாம் என்று சொல்லும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் நடக்கின்றன, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் மகள் படிப்பது வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கும் பள்ளி. அங்கே நீச்சல் குளம் இருக்கிறது. ரோபோட்டிக்ஸ் லேப் என்று ஒரு பூட்டிய அறையும் இருக்கிறது. ஆள்தான் இல்லை. மாணவர் ஆலோசகர் என்று போர்டில் பெயர் உள்ளவர் பயாலஜி மிஸ். அவரும் பாவம், பேப்பர் திருத்தவே நேரமில்லை.

'யூடியூப்ல எல்லாம் இருக்கு ப்ரோ.' இருக்கு ப்ரோ, எதைத் தேடணும் என்று தெரிந்தவனுக்கு. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கிறவனுக்கு அது அடுத்த வருஷம். சென்னை ஓஎம்ஆர் சாலையில் தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, சிறுசேரியில் கணிதம் படிக்க சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் இருப்பது தெரியும்? சரி, அதை விடுங்கள். பி.இ. சேர்க்கைக்கான கட் ஆஃப் மதிப்பெண் 200இல் 100 கணக்குக்கு. பத்தாவது முடித்துக் கணக்கு இல்லாத குரூப் எடுத்த பிள்ளையிடம் இதை எப்போது சொல்கிறார்கள்? எடுத்த பிறகு!

அதிக லைக் வாங்கிய கமெண்ட், 'நாமெல்லாம் யார் வழிகாட்டிப் படித்தோம்?' என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். 1999. நுழைவுத் தேர்வு இருந்த காலம், கட் ஆஃப் 300க்கு. வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகம் போனோம், நானும் அப்பாவும். அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். அழைப்புக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரரிடம் 'சார், பையனுக்கு எதை எடுக்கலாம்?' என்று கேட்டார். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்ன பிரிவைத்தான் நான் நாலு வருஷம், அரியர்களோடு படித்தேன். அந்தப் படிப்புக்கான வேலையை ஒருநாளும் பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாத அந்த மனிதரை அப்பா கடைசிவரை நன்றியோடு பேசிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பெயர் வழிகாட்டி இல்லாமலே ஜெயிப்பது என்றால், எனக்கு அந்த வெற்றி வேண்டாம்.

ஆலோசகரை வைத்தால் பள்ளிக்குச் செலவாகுமாம். ஆகட்டும்.

'பெத்தவங்க நீங்க எதுக்கு இருக்கீங்க?' என்று கேட்ட அண்ணனுக்கு இரண்டு முறை பதில் எழுதி அழித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே படிப்பு அண்ணே, அதுவும் யாரோ சொல்லி எடுத்தது. அதை வைத்துக்கொண்டு நான் அவளுக்கு என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் ஓயவில்லை. அந்தக் கூட்டத்தில் நிரப்பிக் கொடுத்த ஃபார்மில் என் நம்பர் இருந்தது. 'சார், பாப்பாவுக்கு சிஎஸ்இ, கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், ஒரு சீட் பிளாக் பண்ணிடலாமா?' நேற்று ஒரு பெண்ணிடம், 'சைக்காலஜி இருக்காம்மா?' என்றேன். 'ஏஐ கூட இருக்கு சார்' என்றார். சிரிப்பாள் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

'விடுப்பா, சிஎஸ்இயே போட்டுடலாம்' என்றாள்.